கொலாட்டரல் டேமேஜ்: தமிழில் என்ன சொல்வது?

போர்ச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் தொடர் இது. இராணுவ இலக்கைத் தாக்கும்போது, குறிவைக்கப்படாத பொதுமக்களுக்கும் அவர்கள் வீடுவாசலுக்கும் நேரும் அழிவு என்று பொருள்.

லத்தீனில் 'லாட்டுஸ்' என்றால் விலா, பக்கம். அதன் வழிவந்தது கொலாட்டரல். கடனுக்கு வைக்கும் ஈட்டுக்கும் அதே சொல் என்பதால் 'பிணைச் சேதம்' என்று பெயர்த்துவிட வாய்ப்புண்டு, அது பிழை. 1960களில் அமெரிக்க அணுப்போர் ஆய்வுகளில் புழங்கிய தொடர், 1991 வளைகுடாப் போரில் தொலைக்காட்சி வழியே எல்லார் காதிலும் விழுந்தது. கொசோவோ போர் நடந்த 1999இல் ஜெர்மனியில் இதை அவ்வாண்டின் 'தகாத சொல்' என்று தேர்ந்தெடுத்தார்கள். சரியான தேர்வு.

1991 பிப்ரவரி 13, பாக்தாத்தின் அமிரியா பதுங்கிடம். விடியுமுன் விழுந்த முதல் குண்டு கான்கிரீட் கூரையைத் துளைத்தது. இரண்டாவது குண்டு அந்தத் துளை வழியே உள்ளே இறங்கியது. உறங்கிக்கொண்டிருந்த 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கட்டளை மையம் என்று எண்ணித் தாக்கியதாக அமெரிக்கா சொன்னது. குண்டு விழுந்த இடத்திலேயே இருந்தவர்களின் சாவில் 'பக்கம்' எங்கே இருக்கிறது?

1945 மார்ச் 9 இரவு டோக்கியோவில் நடந்ததற்கோ இந்தத் தொடர் அறவே பொருந்தாது. மரவீடுகள் நெருங்கிய குடியிருப்புகள் பற்றி எரியட்டும் என்றே அமெரிக்க விமானப்படையினர் தீக்குண்டுகளைக் கொட்டினார்கள். ஏறத்தாழ 1,00,000 பேர் மாண்டார்கள். அங்கே மக்கள்தான் இலக்கு.

தமிழில் 'பக்கச் சேதம்', 'இணைச் சேதம்' என்றெல்லாம் எழுதுகிறோம். 'பக்கவிளைவு' என்றால் மாத்திரை நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் நாளிதழ்கள் புயலுக்கும் விபத்துக்கும் நெடுங்காலமாக உயிர்ச்சேதம், பொருட்சேதம் என்று பிரித்தே எழுதிவந்திருக்கின்றன. ஆங்கிலத் தொடர் ஒன்றாகக் குழைத்துவிட்டதைத் தமிழ் தனித்தனியே வைத்திருக்கிறது. போர் விதிகளை வகுக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் கூடுதல் நெறிமுறையும் (1977) குடிமக்கள் உயிரிழப்பு, காயம், உடைமைச் சேதம் என்று தனித்தனியாகவே சொல்கிறது.

ஆகவே, ஆள் இறந்திருந்தால் 'பொதுமக்கள் உயிரிழப்பு'. கட்டடம் மட்டும் இடிந்திருந்தால் 'குடியிருப்புச் சேதம்'. ஓர் அதிகாரி அந்தத் தொடரையே சொன்னார் என்று எழுத நேர்ந்தால் மேற்கோள் குறிக்குள் 'பக்கச் சேதம்' என்று போட்டு, இறந்தவர் எத்தனை பேர் என்பதை அதே வாக்கியத்தில் எழுதுங்கள்.