கிராம்பு: இலவங்கம் வேறு, இலவங்கப்பட்டை வேறு

கிராம்பு, இந்தோனேசியாவின் மொலுக்கு தீவுகளைத் தாயகமாகக் கொண்ட ஒரு மரத்தின் மலராத மொட்டு. சிவக்கத் தொடங்கும் பருவத்தில் பறித்து, எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும்வரை காயவைப்பார்கள். எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாக இருப்பது காம்புபோல் நீண்ட பகுதியில்தான். ஆகவே உச்சி உருண்டை உதிர்ந்தது என்பதற்காக எறிந்துவிட வேண்டாம்.

இதன் மறுபெயர் இலவங்கம். வடமொழி 'லவங்க', லகரம் தமிழில் சொல்லின் முதலில் வராததால் இகரம் முன்னே ஏறியது. பழைய உரைகள் வாய் மணக்க மெல்லும் ஐந்து முகவாசப் பொருள்களில் ஒன்றாக இதைச் சொல்கின்றன. சித்த மருத்துவத்தில் அஞ்சுகம், திரளி என்ற பெயர்களும் உண்டு. குழப்பம் வருவது இலவங்கப்பட்டையால். அது கறுவா மரத்தின் பட்டை. இலவங்கப்பத்திரி என்ற மணமூட்டும் இலையும் கிராம்பு மரத்து இலையன்று. செய்முறையில் வெறுமனே 'இலவங்கம்' என்றிருப்பதைப் பட்டை என்று கொண்டால் மருந்தே மாறிவிடும். ஈழத் தமிழில் இந்தச் சிக்கல் இல்லை: இது கராம்பு, அது கறுவா. எழுதும்போது கிராம்பு, கறுவாப்பட்டை என்று பிரித்து எழுதுவதே நல்லது.

வாங்கும்போது காம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். நீரில் இட்டால் நல்லது மூழ்கும், அல்லது நிமிர்ந்து மிதக்கும். எண்ணெய் வடித்தெடுத்த சக்கை படுத்து மிதக்கும்.

இரண்டு கப் அரிசிக்கு நான்கு போதும். கூடினால் கசக்கும், நாக்கும் மரக்கும். சிறு தீயில் எண்ணெயில் இட்டு, உப்பி மணம் வந்ததும் அடுத்த பொருளைச் சேர்க்கவும். கருகிய கிராம்பின் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது. பொடித்தால் மணம் விரைவில் போய்விடும், அவ்வப்போது இடித்துக்கொள்வதே சரி.

மரக்கச் செய்வது யூஜெனால். கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிக அடைப்புக்குப் பயன்படுத்துவதும் அதையே. பல்வலிக்கு ஒரு கிராம்பை வலிக்கும் பல்லருகே அடக்கி மெல்லக் கடிக்கலாம். எண்ணெயானால் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயில் ஒரு துளி கலந்து பஞ்சில் தொட்டு வைக்கவும். நேரடியாக வைத்தால் ஈறு வெந்துபோகும். வலி அடங்குமே தவிரச் சொத்தை ஆறாது. குழந்தைகளுக்கு எண்ணெய் கூடவே கூடாது, சிறிதளவு விழுங்கினாலும் கல்லீரல் கெடலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் சமையல் அளவைத் தாண்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.