பிஞ்ச் ஈட்டிங்: தமிழில் கட்டிழந்து உண்ணல்

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் யாராவது அள்ளி அள்ளித் தின்றால் 'என்ன ஆக்ராந்தம்!' என்பார்கள். மலையாளத்தில் அன்றாடம் புழங்கும் ஏச்சு இது. எல்லை தாண்டி நம் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. கட்டுப்பாடு இழந்து அளவுமீறித் தின்னவைக்கும், மருத்துவர்கள் 'பிஞ்ச் ஈட்டிங்' (binge eating) என்னும் நோயையும் பலர் இந்த ஏச்சிலேயே அடக்கிவிடுகிறார்கள். அது அநியாயம்.

இங்கிலாந்தின் வட்டார வழக்கில் 'பிஞ்ச்' என்றால் மரப் பாத்திரத்தை நீரில் ஊறவைப்பது. 19ஆம் நூற்றாண்டில் அது முட்டக் குடிப்பதையும், பின்னர் முட்டத் தின்பதையும் குறித்தது. 1959இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் இந்தப் பழக்கத்தை விவரித்து எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றது 2013இல்தான்.

கல்யாணப் பந்தியில் இரண்டு பிடி கூடச் சாப்பிடுவது இதில் சேராது. வீடு உறங்கிய பின், பசியே இல்லாமல் ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறாள் ஒருத்தி. மென்றும் மெல்லாமலும் விழுங்குகிறாள். வயிறு வலித்தும் கை நிற்கவில்லை. அடுத்து முறுக்கு டப்பா. காலிக் கவரை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, தன்னையே வெறுத்தபடி படுக்கிறாள். வாரம் ஒரு முறையாவது, 3 மாதம் இப்படி நடந்தால் அது நோய். தின்றதை ஈடுகட்ட அடிக்கடி வாந்தியெடுத்தால் அது புலிமியா, வேறு நோய்.

துக்கம், தனிமை, வீட்டுச் சண்டை, உடம்பைப் பற்றிய கேலி, இவை பலருக்கு இதைத் தூண்டிவிடுகின்றன. தின்னும் நேரம் மனம் சற்று மரத்துப்போகிறது. பிறகு வெட்கம். அது தாளாமல் மறுநாள் பட்டினி. அந்தப் பட்டினியே அடுத்த தடவைக்கு வழி திறக்கிறது. 'ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்து' என்று புத்தி சொல்பவர்கள் இதை உணர வேண்டும்.

தமிழில் 'பெருந்தீனி' என்கிறோம். அது ஆளைப் பழிக்கிறது. குறளின் 'கழிபேர் இரையான்' அளவறியாமல் உண்பவன். மணிமேகலையில் காயசண்டிகையை வாட்டும் 'யானைத்தீ' தீராப் பசி. இங்கேயோ பசியே வேண்டியதில்லை. கட்டுப்பாடு கைநழுவுவதுதான் இந்நோயின் அடையாளம் என்பதால் 'கட்டிழந்து உண்ணல்' என்பதே பொருந்தும் என்பேன். ஏச்சாகிப்போன ஆக்ராந்தத்துக்கும் வடமொழி மூலத்தில் 'ஆட்கொள்ளப்பட்ட' என்றுதான் பொருள்.

வேளை தவறாத சாப்பாடும், எண்ணத்தையும் பழக்கத்தையும் சீராக்கும் உளவியல் சிகிச்சையும் இதற்குக் கைகொடுக்கும். மருத்துவரிடம் போகத் தயங்குபவர்கள் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸை 14416 எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.