இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்கிறவர்களுக்கு

மட்டக்களப்பில் என்னிடம் உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) வருகிறவர்கள் அநேகமாக மனதைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. நெஞ்சு பதறுகிறது, கை கால் விறைக்கிறது, உடம்பெல்லாம் உளைகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் தொடங்குவார்கள். ஈசிஜி எடுத்தாயிற்று, இரத்தம் சோதித்தாயிற்று, நூல் கட்டியாயிற்று அல்லது ஓதிப் பார்த்தாயிற்று. எதிலும் குறை தெரியவில்லை, வருத்தமும் மாறவில்லை. கடைசியில் ஒரு வைத்தியர் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகும் மாதங்கள் போயிருக்கும். காரணம் கேட்டால், "அந்த அளவுக்கு முற்றவில்லையே மிஸ், கொஞ்ச நாள் பார்ப்போம் என்று இருந்தேன்" என்பார்கள்.

அந்த அளவு எது என்று எவராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது. ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். போன மாதத்தைவிட இந்த மாதம் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கவலையோ எதிலும் பிடிப்பின்மையோ 2 கிழமைகளுக்கு மேலாக, அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதியில் இருந்து, நித்திரை, பசி, வேலை ஆகியவற்றைக் கெடுத்தால் மனச்சோர்வு நோயா என்று வைத்தியர்கள் ஆராயத் தொடங்குவார்கள். அது கூடிக்கொண்டும் போகிறது என்றால், போய்ப் பார்ப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

கூடுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆசிரியை ஒருவரைச் சொல்லலாம். அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன். முதலில் பின்னேர வகுப்பை நிறுத்தினார். பிறகு வெள்ளிக்கிழமைக் கோயில் நின்றது. பிறகு தங்கையின் அழைப்புக்குப் பதில் சொல்வதும் நின்றது. ஒவ்வொன்றை விட்டபோதும் அன்றைக்கு அவருக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. ஆனால் விட்ட ஒவ்வொன்றோடும், அவருக்குச் சந்தோஷமோ மதிப்போ தந்த ஒரு மணித்தியாலமும் போய்விட்டது. மனம் இன்னும் தாழ்ந்தது. தாழ்ந்த மனம் அடுத்ததையும் விடச் சொன்னது. மனச்சோர்வு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வழி இது. வீட்டார் கவனிக்க வேண்டியதும் அழுகையை மட்டுமல்ல, இப்படி ஒவ்வொன்றாகக் கைவிடுவதையும்தான்.

அவரோடு நான் செய்த முதல் வேலை, விட்டவற்றில் மிகச் சிறியது எது, அதை இந்தக் கிழமை எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கலாம் என்று சேர்ந்து எழுதியது. "மனம் வந்தால் செய்கிறேன் மிஸ்" என்றார். மனம் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம், வராமலே ஒருமுறை செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பேச்சுச் சிகிச்சை என்றால் பலர் நினைப்பதுபோல் புத்திமதி கேட்பதோ, இருந்து அழுவதோ மட்டும் இல்லை. பெரும்பகுதி இப்படியான வேலைதான்.

"பேசினால் கடன் தீருமா?" என்று படுவான்கரையிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நுண்கடன் வாங்கிய வீட்டுக்குக் கிழமைக்கொருமுறை ஆள் வந்து நிற்கும்போது உளவளத்துணையாளர் அந்தத் தவணையைக் கட்டப்போவதில்லை. ஆனால் அந்த அம்மா இரவில் 2 மணிக்கு எழுந்திருந்து விடியும்வரை யோசித்தார். ஆள் வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒளிந்தார். கணவரிடம் தொகையை மறைத்தார். இந்த மூன்றிலும் மாற்றம் சாத்தியம். கணவரிடம் எப்படிச் சொல்வது என்று என்னோடு பேசிப் பழகிவிட்டுப் போய்ச் சொன்னார். கடன் இன்னும் இருக்கிறது. இப்போது அதை இரண்டு பேர் சுமக்கிறார்கள், அவர் நித்திரையும் கொள்கிறார்.

இன்னொரு பயம் ஆழமானது. கல்லடி, நாவலடி, மருதமுனை, திருக்கோவில் என்று இந்தக் கரை முழுவதும் 2004 டிசம்பர் 26 சுனாமியைச் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். யுத்தம் தின்ற ஆண்டுகள் அதற்கு முன்னும் பின்னும் இருக்கின்றன. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களில் ஒன்றும் இந்த நகரத்தில் நடந்தது. "எல்லாவற்றையும் திரும்பச் சொல்லவைப்பீர்கள், என்னால் முடியாது" என்று வாசலிலேயே திரும்பிப் போனவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன்: சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அனர்த்தம் நடந்த கையோடு எல்லோரையும் இருத்தி நடந்ததை விவரிக்கவைக்கும் முறையை உலக சுகாதார ஸ்தாபனமே இன்று பரிந்துரைப்பதில்லை. பழைய நினைவு கனவிலும் பகலிலும் துரத்துகிறது என்றால், அந்த நினைவை அணுகுகிற சிகிச்சைகள் உண்டு. நல்ல பலனும் தருகின்றன. அவற்றையும் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். உங்கள் சம்மதத்தோடு, நீங்கள் தாங்கும் வேகத்தில் செய்ய வேண்டும். "இன்றைக்கு இது வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதை மதிக்காதவரிடம் தொடர வேண்டாம்.

ஊர் சிறியது, வாசலில் கண்டவர் மச்சாளிடம் சொல்வார் என்ற பயமும் பொய்யில்லை. பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போகலாம், தவறே இல்லை. உள்ளே பேசுவது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் தீங்கு போன்ற நிலையில் மட்டும் வேறொருவருக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். முதல் நாளே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மாத்திரையா பேச்சா என்பது சண்டை போட வேண்டிய விடயமில்லை. மனச்சோர்வு மிதமாக இருந்தால் பேச்சுச் சிகிச்சையோடு மட்டும் தொடங்கலாம். கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்ந்ததே நல்லது. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும். அவை தூக்க மாத்திரைகள் அல்ல. ஆனாலும் வைத்தியரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக்கூடாது. தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும் இதே களைப்பைத் தரும் என்பதால் அந்தச் சோதனைகள் வீண் செலவு அல்ல. கோயிலையும் பள்ளிவாசலையும் விடச் சொல்லி நான் யாரிடமும் கேட்டதில்லை.

தீர்மானிக்க முடியாதவர்களுக்கு என் யோசனை, வாழ்நாள் முடிவாக இதை எடுக்காதீர்கள் என்பதுதான். கிழமைக்கொருமுறை, நான்கைந்து சந்திப்பு என்று எல்லை வைத்துத் தொடங்குங்கள். நித்திரையா, கோபமா, வெளியே போவதா, எது மாற வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் ஓரிரு சந்திப்புக்குப் பிறகு மனம் கூடுதலாகப் பாரமாவது சிலருக்கு நடக்கும். அந்த நான்கைந்தும் முடிந்த பிறகும் அசைவே இல்லையென்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். முறையை மாற்றலாம், ஆளையும் மாற்றலாம்.

காத்திருக்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம், அதற்கான வழியை யோசிப்பது, யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பது, நாட்கணக்கில் நித்திரையின்றியும் களைக்காமல் அளவு மீறிய வேகத்தில் இருப்பது: இவற்றில் எது இருந்தாலும் சந்திப்புத் திகதி பார்க்காமல் நேரே வைத்தியசாலைக்கு வாருங்கள். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை அன்றே அப்புறப்படுத்துங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுக்கலாம்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கல்முனை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, பணம் தேவையில்லை. பல பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டால், "நித்திரை வருவதில்லை, யோசனை கூடுகிறது" என்று சொன்னாலே போதும்.

கூட வருகிற வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். வாருங்கள், ஆனால் வெளியே இருங்கள். "என்ன கேட்டார்கள், என்னைப் பற்றி என்ன சொன்னாய்" என்று திரும்பும் பஸ்ஸில் விசாரிக்க வேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள். அடுத்த திகதியை நீங்களும் குறித்துவையுங்கள். அறுவடை, கல்யாண வீடு என்று அந்தத் திகதியைத் தள்ளிப்போடச் சொல்வது பல வேளைகளில் வீட்டார்தான்.