நீண்ட நாள் சிகிச்சையில் இருக்கும் மாணவரின் படிப்பு: சட்டம் தருவதும் தராததும்

கடும் நோயுற்ற குழந்தையின் படிப்புக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் ஏதும் இல்லை. உரிமைகள் உண்டு, ஆனால் அவை கல்வி உரிமைச் சட்டத்தில் கொஞ்சம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கொஞ்சம், தேர்வு வாரியங்களின் விதிகளில் கொஞ்சம் எனச் சிதறிக் கிடக்கின்றன. குழந்தை எந்த வகுப்பில் படிக்கிறது, நோயின் பெயர் என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே எந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பது என்று சொல்ல முடியும்.

எட்டாம் வகுப்பு வரை உள்ள குழந்தைக்கு முதல் காப்பு 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 6 முதல் 14 வயது வரையுள்ளோருக்கான இச்சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தொடக்கக் கல்வியை, அதாவது எட்டாம் வகுப்பை, முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. “இப்போது பெயரை எடுத்துவிடுகிறோம், குணமானதும் வந்து சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று பள்ளி அன்பாகவே சொன்னாலும், பெற்றோர் சுட்டிக்காட்ட வேண்டிய பிரிவு இதுதான். பதிவேட்டில் பெயர் இருக்கும்வரைதான் பாடநூலும் தேர்வும் அந்தக் குழந்தையைத் தேடி வரும்; பெயர் போனபின் எல்லாவற்றையும் குடும்பம்தான் தேடிப் போக வேண்டும்.

அதே சட்டத்தின் 24ஆம் பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படுவோருக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் கடமை என்று அது வரையறுக்கிறது. ஆகவே, நான்கு மாதம் கழித்துத் திரும்பி வரும் மாணவருக்கு விட்டுப்போன பாடத்தை நடத்தித் தருவது சலுகை அன்று. படிப்பு முற்றிலும் நின்றுபோன குழந்தையாக இருந்தால், 4ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ந்து, மற்றவர்களுக்கு இணையாக வருவதற்கான சிறப்புப் பயிற்சியையும் பெறலாம்; அதற்குள் 14 வயது கடந்துவிட்டாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணமில்லாக் கல்வி தொடரும். 2019இல் வந்த திருத்தம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்க அரசுகளுக்கு வழிவிட்டது. அப்போதும் கூடுதல் பயிற்சியும், முடிவு வந்த இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வும் தந்த பிறகே நிறுத்த முடியும்.

நோயுற்ற எந்தக் குழந்தைக்கும் வீட்டிலிருந்தே படிக்கும் உரிமை உண்டு என்ற தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட வரியின்படி வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, பல்வகைக் குறைபாடு அல்லது கடுங்குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மட்டுமே உரியது. இங்கே கடுங்குறைபாடு என்பது 80 விழுக்காடும் அதற்கு மேலும் ஆகும். நோயால் ஆறு மாதம் படுக்கையில் இருக்கும் குழந்தை இந்த வரிக்குள் தானாக வந்துவிடாது.

அடுத்தது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இது 21 ஆக்கியது. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் ஆகிய மூன்று இரத்த நோய்களும் தசைச்சிதைவு நோயும் அவற்றுள் அடங்கும். குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெற்றால் 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமை 31ஆம் பிரிவின்படி உண்டு. கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவதால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான ஆண்டுகளுக்கு இந்தச் சான்றுதான் பிடிமானம். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு போன்றவற்றுக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 17ஆம் பிரிவு கூறுகிறது.

தலசீமியா உள்ள ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். முதல் நாள் இரத்தப் பொருத்தம் பார்க்க, மறுநாள் ஏற்ற என இரண்டு நாள் போகிறது. 220 வேலை நாள்கள் கொண்ட கல்வியாண்டில் ஏறத்தாழ 28 நாள்கள் இழப்பு என்றாலும் வருகை 87 விழுக்காடு இருக்கும். எனவே பள்ளியின் கணக்கில் சிக்கல் எதுவும் தெரியாது. ஆனால் மருத்துவமனை நாள் எப்போதும் புதன், வியாழன் என்று அமைந்துவிட்டால், அந்த நாள்களில் மட்டும் இருக்கும் செய்முறை வகுப்பு ஆண்டு முழுவதும் அடிபடும். இதற்குச் சட்டம் தேவையில்லை. கால அட்டவணையில் ஒரு பாடவேளையை மாற்றினால் போதும். கேட்டால் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் செய்து தருவார்கள், ஆனால் கேட்க வேண்டும்.

புற்றுநோயும் இதய நோயும் சிறுநீரக நோயும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த 21 வகைகளில் இல்லை. சிகிச்சையில் ஒரு காலை இழந்த சிறுவனுக்கு உடலியக்கக் குறைபாட்டின் பெயரில் சான்று கிடைக்கலாம். இரண்டு, மூன்று ஆண்டுகள் இரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் சிறுமிக்கு நோயின் பெயரால் எதுவும் கிடைக்காது. இச்சட்டத்தின் பெரிய ஓட்டை இது என்றே நான் கருதுகிறேன். அந்தச் சிகிச்சையில் தரப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து நரம்புகளைப் பாதிப்பதால் விரல் நுனிகள் மரத்துப்போவதுண்டு. பாடம் தெரிந்தும் பேனாவை இறுகப் பிடிக்க முடியாமல் பாதித் தாளோடு நிறுத்திவிடும் குழந்தையைச் சோம்பேறி என்று எண்ணிவிடுவது எளிது. பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு மருத்துவரின் கடிதம் ஒன்றுதான் ஆயுதம். “ஓய்வு தேவை” என்ற ஒற்றை வரிச் சான்று எதற்கும் உதவாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை சிகிச்சை, அந்தக் காலத்தில் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் படிக்கலாம், கூட்டத்தைத் தவிர்க்க வேண்டுமா, நீண்ட நேரம் எழுத முடியுமா என்பனவற்றை அது சொல்ல வேண்டும்.

பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளில் வருகைப்பதிவுதான் முதல் தடை. சி.பி.எஸ்.இ. விதிப்படி 75 விழுக்காடு வருகை தேவை. புற்றுநோய், காசநோய், எய்ட்ஸ் போன்று நீண்ட நாள் மருத்துவமனையில் தங்க வேண்டிய நோய் என்றால், 60 விழுக்காட்டுக்குக் கீழே போனாலும் வாரியத் தலைவர் விலக்களிக்க அதே விதிகளில் இடமுண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகவே போக வேண்டும் என்பதால், விடுப்புக் கடிதங்களையும் மருத்துவச் சான்றுகளையும் அந்தந்த மாதமே கொடுத்து வைப்பது நல்லது. முதல் வகை நீரிழிவு உள்ளோர் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றைத் தேர்வறைக்குக் கொண்டுசெல்லலாம் என்றும் அதே வாரியம் அனுமதித்துள்ளது.

எதுவும் சரிவராதபோது, அன்றாடம் பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. பதிவு செய்த ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்வெழுத ஒன்பது வாய்ப்புகள் கிடைக்கும். உடல் ஒத்துழைக்கும் பருவத்தில் ஒன்றிரண்டு பாடங்களை மட்டும் எழுதி, தேர்ச்சியைச் சேர்த்துக்கொண்டே போகலாம். பத்தாம் வகுப்பு நிலைக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். நல்ல வழிதான், ஆனால் தொல்லை விட்டது என்று பள்ளியே முதல் வாரத்தில் இதைப் பரிந்துரைத்தால் பெற்றோர் உடனே தலையாட்டிவிட வேண்டாம். நண்பர்கள் இருக்கும் வகுப்பு, திரும்பிப் போக ஓர் இடம் என்பவற்றைத் திறந்தநிலைப் பள்ளி தராது.

பள்ளி உரிமையை மறுத்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் செய்யலாம். அது மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும், முடிவு ஏற்புடையதாக இல்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மூன்று மாதம் என்பது ஏறத்தாழ ஒரு பருவத்தின் பாடம் முழுவதும். எனவே புகாருக்கு முன்பே, சிகிச்சை தொடங்கும் வாரத்திலேயே, தலைமையாசிரியருக்குக் கோரிக்கைக் கடிதம் கொடுத்து, அதன் நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி, மருத்துவமனைக் கோப்போடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.