தோல் வறண்டால் குறைவது எண்ணெயா, தண்ணீரா?

முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். தோல் வறண்டிருந்தால் வெள்ளையாக ஒரு கோடு விழும். சின்ன வயதில் இப்படிப் பெயர் எழுதி விளையாடியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கொஞ்சம் எண்ணெய் தடவினால் கோடு காணாமல் போய்விடும். ஆக, தோலில் எண்ணெய் குறைந்திருந்தது, பூசினோம், சரியாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

அது பாதிதான் சரி. அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் 1952-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். இதைவிட எளிமையாகச் செய்ய முடியாது. காய்ப்புக் காய்த்த தோலின் துண்டுகளை எடுத்து, ஒடியும் அளவுக்கு உலரவிட்டார். பிறகு எண்ணெயிலும் மற்ற கொழுப்புப் பொருள்களிலும் ஊறவைத்தார். விறைப்பு அப்படியே இருந்தது. தண்ணீரில் ஊறிய துண்டோ இளகி வளைந்துகொடுத்தது. தோலை இளக்கமாக வைத்திருப்பது தண்ணீர்தான். தோலின் மேலடுக்கில் அது ஏறத்தாழ 10 சதவீதத்துக்குக் கீழே போனால், தோல் விறைத்து வெடிக்கத் தொடங்குகிறது.

அப்படியானால் எண்ணெய் பட்டதும் வெள்ளைக் கோடு மறைந்தது எப்படி? வறண்ட தோலின் செதில்களுக்கு இடையே காற்று புகுந்திருக்கும். அங்கே ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் அந்த இடுக்குகளை நிரப்பியதும் சிதறல் குறைகிறது. அவ்வளவுதான். அந்த நொடியில் தோலின் ஈரம் ஒரு துளிகூடக் கூடியிருக்காது.

தோலின் உச்சியில் இருப்பது இறந்த செல்களாலான ஓர் அடுக்கு. உள்ளங்கை, பாதம் தவிர மற்ற இடங்களில் இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்குள் 15, 20 வரிசை செல்கள். செங்கல் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள்: தட்டையான செல்கள் செங்கல், இடையில் உள்ள கொழுப்பு சாந்து. சாந்தின் எடையில் ஏறத்தாழ பாதி செராமைடு என்ற கொழுப்பு வகை. மீதியில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். சுவர் நன்றாக இருக்கும்போதே, வியர்வைக் கணக்கில் வராமல், நாளொன்றுக்கு முந்நூறு, நானூறு மில்லிலிட்டர் தண்ணீர் இதன் வழியே ஆவியாகிறது. சாந்து கரைந்தால் கசிவு இன்னும் கூடும்.

செங்கல்லுக்குள்ளும் ஒரு ஏற்பாடு உண்டு. ஃபிலாக்ரின் என்ற புரதம் உடைந்து, தண்ணீரைப் பிடித்துவைக்கும் சிறு மூலக்கூறுகளாக மாறுகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் பழுது இருந்தால் மீன் செதில் போன்ற வறட்சியும் எக்ஸிமா என்ற அரிப்புத் தோல்நோயும் வரக்கூடும் என்பது 2006-இல் தெரியவந்தது. சிலருக்கு என்ன பூசினாலும் தோல் வறள்வதற்கு இப்படியும் காரணம் இருக்கலாம். அவர்களைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வதில் அர்த்தமில்லை.

எனக்கு வியப்பாக இருப்பது செதில் உரியும் விதம். நம் தோல் தினமும் உதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது, ஒவ்வொரு செல்லாக, கண்ணுக்குத் தெரியாமல். செல்களைப் பிணைத்திருக்கும் முடிச்சுகளைச் சில நொதிகள் வெட்டிவிடுகின்றன. அந்த நொதிகள் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். தோல் காய்ந்தால் கத்தரி மழுங்கிவிடும். செல்கள் பிரிய முடியாமல் கொத்துக்கொத்தாகச் சேர்ந்து நிற்கும். நாம் சொரசொரப்பு என்று தடவிப் பார்ப்பது இதைத்தான். அதாவது பொரிந்த தோல் அளவுக்கு மேல் உதிரும் தோல் அல்ல, ஒழுங்காக உதிர முடியாமல் மாட்டிக்கொண்ட தோல். அதைத் தேய்த்து எடுக்கிறேன் என்று நாரை வைத்து உரசினால் கீழே உள்ள நல்ல சுவரும் பெயர்ந்து வரும்.

சாந்தைக் கரைப்பதில் முதல் குற்றவாளி சோப்பு. அழுக்கோடு சேர்ந்து செராமைடும் கழுவிப் போகிறது. தோலின் இயல்பு லேசான அமிலத்தன்மை, பிஎச் 5-ஐ ஒட்டி (பிஎச் என்பது அமில, கார அளவுகோல்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). சாதாரண சோப்புக்கட்டியின் பிஎச் 9, 10. புதிய சாந்தைத் தயாரிக்கும் நொதிகளுக்கு அமிலச் சூழல்தான் பிடிக்கும் என்பதால், கரைவதோடு ரிப்பேர் வேலையும் தாமதமாகிறது. கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் இரட்டைச் சேதம். இதோடு குளிர்காலக் காற்றோ ஏசி அறையின் காற்றோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முகத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைய, முன்னங்காலில் குறைவு. அதனால்தான் கால் முதலில் காட்டிக்கொடுக்கிறது.

சரி, என்ன செய்வது? குளியலை ஐந்து, பத்து நிமிடத்தில் வெதுவெதுப்பான நீரில் முடித்துவிடுங்கள். சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் பாதத்துக்கும் போதும். துண்டால் ஒற்றியெடுத்து, தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டியதைப் பூசிவிட வேண்டும். தாமதித்தால் ஒட்டியிருந்த நீர் ஆவியாகிவிடும். பிறகு மூடிவைக்க என்ன மிச்சம்?

கிளிசரின், யூரியா போன்றவை தண்ணீரை ஈர்த்துப் பிடிப்பவை. பெட்ரோலியம் ஜெல்லி மூடி போல மேலே படிந்து, ஆவியாவதைப் பெருமளவு தடுப்பது. 1872-இல் காப்புரிமை பெற்ற இந்தப் பழைய சரக்கை, மூடும் வேலையில் மிஞ்சுவது இன்றும் கடினம். பிசுபிசுப்புதான் அதன் ஒரே குறை என்பேன். நல்ல கிரீம்களில் இரண்டு வகையும் கலந்திருக்கும். வாங்கும்போது விலையைவிட வாசனை சேர்க்காதது என்ற வரியைத் தேடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: இந்தக் களிம்புகள் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். அடுப்பருகே கவனம் தேவை.

தண்ணீர் நிறையக் குடித்தால் தோல் பளபளக்கும் என்பார்கள். தாகத்துக்குக் குடியுங்கள், ஓட்டைச் சுவரை அது அடைக்காது. இரண்டு, மூன்று வாரம் ஒழுங்காகப் பூசியும் மாறவில்லை, தோல் சிவந்து நீர் கசிகிறது, அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். உடல் முழுக்க வறட்சியோடு சோர்வும் எடை கூடுவதும் இருந்தால் தைராய்டையும் பார்க்கச் சொல்வார்கள்.

பித்தவெடிப்பு உள்ளவர்கள் பிளாங்கின் சோதனையைத் தங்கள் குதிகாலிலேயே செய்து பார்க்கலாம். இரவில் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவிட்டு, ஒற்றித் துடைத்து, 20 சதவீத யூரியா களிம்பு பூசி (பிளந்த புண்ணில் எரியும், அதைத் தவிர்த்து), மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். காலையில் விறைப்பு குறைந்திருக்கும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் இதில் இறங்காமல் முதலில் மருத்துவரிடம் காலைக் காட்டிவிடுங்கள்.