ஷவர்ல தண்ணி நூல் மாதிரி வருதா? பம்பு வாங்கறதுக்கு முன்னாடி பக்கெட்ட எடுங்க

"அண்ணே, மாடி பாத்ரூம்ல ப்ரெஷரே இல்ல, ஒரு பம்பு போட்டுக் குடுங்க"ன்னுதான் எனக்கு முக்கால்வாசி போன் வரும். மடிப்பாக்கத்துல ஒரு வீட்ல பம்பு வாங்கியே வெச்சுட்டாங்க, நான் போய் ஷவர் தலையைக் கழட்டிப் பார்த்தா உள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி உப்பு அப்பிக் கெடக்கு. வினிகர்ல ஒரு மணி நேரம் ஊறப்போட்டு பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு மாட்டினேன், பம்பு இன்னும் பெட்டியிலதான் இருக்கு. போர் தண்ணி ஓடற வீட்ல இத அப்பப்ப செஞ்சே ஆகணும்.

அதனால மொதல்ல ஷவர் தலைய கழட்டிட்டு வெறும் பைப்புல பக்கெட் பிடிச்சுப் பாருங்க. தண்ணி நல்லா கொட்டுச்சுன்னா அடைப்பு தலையிலதான். அங்கயும் கொட்டலன்னா மொட்டமாடிக்குப் போங்க, டேங்க் கழுவ வந்தவங்க வால்வ பாதி தொறந்துட்டுப் போயிருப்பாங்க (இதுக்கு மட்டும் எத்தன தடவ வண்டி எடுத்துட்டு ஓடியிருக்கேன்னு கணக்கே இல்ல).

ஆனா நெஜமாவே ப்ரெஷர் இல்லாத வீடும் இருக்கு. தண்ணி 10 மீட்டர் ஒசரத்துல நின்னாதான் சுமாரா 1 பார் (ப்ரெஷர அளக்கற கணக்கு) கிடைக்கும். டேங்க் தலைக்கு மேலயே இருக்கற மாடி வீட்ல ஷவருக்கும் டேங்குக்கும் அஞ்சடி கூட இருக்காது, அஞ்சடின்னே வெச்சாலும் 0.15 பார்தான். அதுல போய் தட்டு சைஸ் ரெயின் ஷவர மாட்டினா சொட்டத்தான் செய்யும். இங்க டேங்க ஒசத்தணும், இல்ல பம்பு போடணும், வேற வழியில்ல.

இப்ப சூடு. பச்சத்தண்ணி நல்லா வருது, சுடுதண்ணி மட்டும் நூல் மாதிரி வருதுன்னா கீசருக்குப் போற ஆங்கிள் காக்கையும் (செவுத்துல இருக்கற சின்ன வால்வு) என்ஆர்வியையும் (தண்ணி திரும்பிப் போகாம தடுக்கற வால்வு) பாருங்க, உப்பு அங்கதான் சேரும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர்ல "சூடே ஏறல"ன்னு சொல்றவங்க குழாய முழுசா தொறந்து வெச்சிருப்பாங்க. 3 கிலோவாட் காயில் நிமிஷத்துக்கு 3 லிட்டர் ஓடினா சுமாரா 14 டிகிரி ஏத்தும், 6 லிட்டர் ஓடினா 7 டிகிரிதான். மழைக்கால காலையில 7 டிகிரிய வெச்சு என்ன பண்றது? குழாய கொஞ்சம் மூடுங்க.

குளிச்சுட்டு இருக்கும்போது திடீர்னு கொதிக்குதுன்னா கீசர் மேல பழி போடாதீங்க. சமையல்கட்டுல யாரோ குழாய தொறந்திருப்பாங்க, ஒரே லைன்ல பச்சத்தண்ணி அந்தப் பக்கம் இழுத்துக்கும், மிக்சர் குழாயில சுடுதண்ணி மட்டும் மிஞ்சும். டேங்க்ல இருந்து பாத்ரூமுக்குத் தனி லைன் இழுத்தா தீரும்.

இன்னொண்ணு, ஸ்டோரேஜ் கீசர்ல சேஃப்டி வால்வு சொட்டுதுன்னு ஒரு வீட்ல அதுக்கு டம்மி போட்டு அடைச்சு வெச்சிருந்தாங்க. உள்ள ப்ரெஷர் ஏறினா வெளிய விடத்தான் அந்த வால்வு, தெர்மோஸ்டாட் பழுதாகி தண்ணி கொதிச்சா டேங்கே வெடிக்கலாம். மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுதான் அந்த டம்மியில கையே வெச்சேன்.