நாலு மைல் வேகம்தானே என்று காலை நீட்டாதீர்கள்

மறுபடியும் ஒரு கணுக்கால். போன பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை) அன்று, இங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் பகுதியில் நான் வேலை பார்க்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தது. நம்மூர்க்காரர், குடும்பத்தோடு ஒருநாள் வாடகைக்கு நேரோபோட், அதாவது கால்வாயில் ஓட்டும் ஒடுங்கலான நீளப் படகு, எடுத்திருக்கிறார். பாலத்துச் சுவரில் மோதப்போன படகைக் காலால் உதைத்துத் தள்ளப் பார்த்திருக்கிறார். எக்ஸ்ரேயைக் காட்டிய பிறகும், "நடக்கிற வேகத்துலதானே டாக்டர் போச்சு?" என்கிறார்.

இந்தக் கேள்வி எனக்கு அலுத்துவிட்டது. ஆமாம், கால்வாயில் உச்ச வேகமே மணிக்கு 4 மைல்தான். லைசென்ஸ் வேண்டாம், காலையில் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்துச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். ஏமாறுவது அங்கேதான். காலை நசுக்குவது வேகம் இல்லை, எடை. 50, 60 அடி நீள நேரோபோட் 15 டன்னைச் சாதாரணமாகத் தாண்டும். ஒருநாள் வாடகைக்குத் தரும் குட்டிப் படகுகூடப் பல டன். பத்துக் காரைச் சேர்த்துக் கட்டி மெதுவாக உங்கள் பக்கம் உருட்டிவிட்டால் குறுக்கே காலை வைப்பீர்களா? பிரேக் கிடையாது. ரிவர்ஸ் போட்டாலும் நல்ல தூரம் போய்த்தான் நிற்கும். அந்த நேரத்தில் சுக்கானும் சொன்ன பேச்சைக் கேட்காது.

இடிக்கட்டும், விடுங்கள். இடி வாங்கவே கட்டிய சாமான் அது. பெரும்பாலும் அடித்தகடு 10 மில்லிமீட்டர் எஃகு, பக்கத்தகடு 6. பெயின்ட் போகும், அவ்வளவுதான். கணுக்காலுக்கு மறுபெயின்ட் அடிக்க முடியாது. பல மாதம் கட்டும் பிசியோவும்தான்.

கை விஷயமும் இதேதான். லாக் என்பது தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் கொண்டுபோகும், இரண்டு முனையிலும் கதவு வைத்த தொட்டி. மிட்லாண்ட்ஸின் குறுகலான லாக்குகள் சுமார் 7 அடி அகலம். படகு 6 அடி 10 அங்குலம். இரண்டு பக்கமும் ஒவ்வோர் அங்குலம். அந்தச் சந்துக்குள் விரல் தாராளமாகப் போகும். முழுசாகத் திரும்பி வராது. கயிறு பிடிப்பவர்கள் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போடுங்கள், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். (மோதிரம் மாட்டி உரிந்த விரலை ஒரு தடவை பார்த்தவர்கள் அப்புறம் மோதிரமே போடுவதில்லை. எங்கள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்களைக் கேளுங்கள்.) துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பேடிலை, அதாவது லாக்கின் தண்ணீர் மதகைச் சுற்றித் திறக்கும் வின்ட்லஸ் கைப்பிடியை மாட்டியபடியே விட்டுவிட்டு செல்ஃபிக்குத் திரும்பாதீர்கள். தடுப்புப் பல் நழுவினால் அது சுழன்று அடிக்கும், தாடையோ மணிக்கட்டோ போகும்.

லாக்கில் கீழே இறங்கும்போது படகின் பின்பக்கம் மேல் கதவை ஒட்டி நிற்கவே கூடாது. தண்ணீருக்கடியில் அங்கே ஒரு திட்டு இருக்கிறது. நீர் வடிய வடியப் பின்பக்கம் திட்டில் உட்கார்ந்துகொள்ளும், முன்பக்கம் கீழே போகும், படகு கவிழ்ந்து மூழ்கும். சுவரில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். படகு முழுசும் அதைத் தாண்டி முன்னால் இருக்கட்டும். பேடிலைத் திறப்பவருக்குக் கண் படகின்மேல் இருக்க வேண்டும், போன்மேல் இல்லை.

யாராவது விழுந்துவிட்டால், தயவுசெய்து, ரிவர்ஸ் போட்டுக் கூட்டிவரப் போகாதீர்கள். பின்னால் புரொப்பெல்லர் சுற்றுகிறது. முதலில் நியூட்ரல், பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். கால்வாய் பெரும்பாலும் இடுப்பளவுதான். பெரியவர்கள் எழுந்து நின்றுவிடலாம். குழந்தைகள் நிற்க முடியாது. ஆகவே லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள், "போட்டோவில் நன்றாக இருக்காது" என்று என்னிடம் சொல்லாதீர்கள். கூரைமேல் ஏற்றி உட்கார வைக்கவும் வேண்டாம். கால்வாய்ப் பாலங்கள் தாழ்வு.

சாயங்காலம் குளிர்ந்ததும் சிக்கன் சுட்ட கரி அடுப்பை உள்ளே தூக்கி வருபவர்களுக்கு ஒரே வரி: தணல் சாம்பல் பூத்தாலும் கார்பன் மோனாக்ஸைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனை இல்லை.

கால்வாய்த் தண்ணீர் குடித்தவரோ, புண்ணோடு அதில் விழுந்தவரோ, அடுத்த சில வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் ஜிபியிடம் (உங்கள் குடும்ப டாக்டரிடம்) போய்க் கால்வாயில் விழுந்ததை நீங்களாகவே சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் இங்கே அபூர்வம், அதனால் பல டாக்டர்களுக்குச் சட்டென்று தோன்றாது. சென்னையிலோ மதுரையிலோ படித்தவர் டூட்டியில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.